பீளமேட்டிலிருந்து திருப்பூர் வரை பேசிக்கொண்டே வந்தவன்

நம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ரம்யா ஒரு செய்தி போட்டிருந்தாள். “துரை சார், மெர்ச்சண்டைசிங்ல புதுசா ஆளுங்க சேர்ந்திருக்காங்க. அவங்களுக்கு உங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்.”

ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது கேட்பவருக்குத்தான் ஆபத்து. உடனே பதில் போட்டேன். படித்த புத்தகங்களைப் பற்றி எழுதட்டுமா, பார்த்த படங்களைப் பற்றியா, போன ஊர்களைப் பற்றியா, இல்லை இப்போதைய உலக நடப்பைப் பற்றியா என்று கேட்டேன். பிறகு ரம்யா, “சார், வேலையப் பத்தி” என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கைகள் கும்பிடும் படத்தையும் போட்டாள்.

தம்பி தங்கைகளே, அந்த நாலும்தான் என் வேலையாக இருந்தது. ரம்யாவுக்கு அது தெரியாது. அவள் சேர்ந்தபோது அந்த வேலை முடிந்துபோயிருந்தது.

ஆயத்த உடை வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் நம் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன் மெர்ச்சண்டைசர் என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். சாம்பிள், ஷேடு, ஷிப்மென்ட் எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அதற்குள் நான் போகவில்லை. எனக்கு இவற்றோடு இன்னொரு பொறுப்பும் இருந்தது. பையர் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கினால், காரில் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பூர் வரை பேசிக்கொண்டு வர வேண்டும்.

இது நம் முதலாளி ஏற்படுத்திய வழக்கம். “வந்தவங்கள சும்மா உக்கார வெச்சுக் கூட்டியாரக் கூடாதுங்க துரை. நம்மூட்டுக்கு வர்றவங்ககிட்ட பேச்சுக் குடுக்காம இருந்தா அது மரியாதைங்களா?” என்பார். அவருக்கு ஆங்கிலம் அளவாகத்தான் வரும். எனக்கோ அளவு என்பதே வராது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், ஆங்கில நாவல் படிப்பவன், வெளிநாட்டுப் படம் பார்ப்பவன், பேப்பரைத் தலையங்கம் உட்பட மேய்கிறவன். முதலாளி வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்?

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதி உண்டு. முதலாளி தம் எதிரில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியிடம் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார். சாப்பிட உட்கார்ந்தவர் முன்னாலிருந்து இலையை இழுப்பது மாதிரி அது அவருக்கு. பையர் எதைக் கேட்டாலும், “நோ ப்ராப்ளம் சார்” என்பார். திரும்பிப் போகும் காரில், கணியூர் சுங்கச்சாவடி நெருங்கும்போது, நான் மெதுவாக, “அதில் ஒரு சின்ன ப்ராப்ளம் இருக்கிறது சார்” என்று ஆரம்பிப்பேன். பழைய பையர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். சிலர் காரில் ஏறியதுமே, “சரி, இப்போது உண்மையைச் சொல்லுங்கள்” என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

எனக்கு முன்னால் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்த சீனியர் அதிகம் பேசாதவர். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த அன்று ஒரே ஒரு யோசனை சொன்னார். “கார்ல ஏறினா கைல ஒரு தண்ணி பாட்டில் வெச்சுக்கோங்க.”

“பையருக்கா சார்?”

“இல்ல, உங்களுக்கு. பேசணும்னு தோணுறப்பல்லாம் ஒரு வாய் குடிங்க.”

என் தொண்டை மேல் மனிதருக்கு எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு இன்னும் நன்றாகப் பேசினேன்.

ஒரு பெண் பையர், குழந்தைகள் உடைப் பிரிவைச் சேர்ந்தவர், காரில் தடித்த நாவல் ஒன்றை மடியில் வைத்திருந்தார். நான் அதைப் படித்திருந்தேன். எவ்வளவு சந்தோஷம் எனக்கு! நீலாம்பூர் வருவதற்குள் கதாநாயகியின் குணத்தை அலசிவிட்டேன். கருமத்தம்பட்டியில், அவள் கடைசியில் தன் அக்காவை மன்னித்தது எனக்கு ஒப்பவில்லை என்றேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார். பாதியில் ஒரு அட்டை செருகியிருந்தது. அந்த அட்டையை மெதுவாக உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த முறை நம் சாம்பிள் ஒன்றுகூட அப்ரூவல் ஆகவில்லை. சாம்பிளில் உண்மையாகவே குறை இருந்தது என்று தரப் பிரிவில் சொன்னார்கள். நான் இன்றுவரை நம்பவில்லை.

படம் பார்த்த கதை இதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தமிழ்ப் படம் பார்க்க ஆசைப்பட்ட இரண்டு பையர்களைத் திருப்பூர்த் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். வசனத்தை மொழிபெயர்ப்பது என் கடமை. நான் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் பின்னணி, இந்தக் காட்சி ஏன் தேவையில்லை, இதையே இரானில் எப்படி எடுப்பார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். கதாநாயகன் ஒரு வரி பேசினால் நான் ஒரு பத்தி பேசினேன். முன் வரிசையில் ஒருவர் திரும்பினார். “ஏனுங்ணா, அவங்களுக்குப் படம் புரியுதுங்க. எங்களுக்குத்தானுங்க புரியல. சித்த சும்மா இருங்க” என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று பையர்கள் கேட்டார்கள். படம் நன்றாக இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

பயணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதையும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன். முதன்முதலாக முதலாளி என்னை வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனபோது, அந்த நகரத்துக்கு நான் அதற்கு முன் போனதில்லை. ஆனால் பயணப் புத்தகம் ஒன்றைக் கரைத்துக் குடித்திருந்தேன். “துரைக்கு அந்த ஊரு அத்துபடிங்க” என்று முதலாளி விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் எல்லாம் சொன்னார். நானும் மறுக்கவில்லை. ஹோட்டலிலிருந்து டிராம் பிடித்தால் கண்காட்சி வாசலிலேயே இறங்கலாம் என்று அவரை ஒரு தெருமுனையில் நிற்க வைத்தேன். குளிர் எலும்புக்குள் இறங்கியது. டிராம் வரவில்லை. தண்டவாளத்தைத் தேடினேன். அது இருக்க வேண்டிய இடத்தில் பூச்செடி வைத்திருந்தார்கள். முதலாளி குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மரியாதை கொஞ்சமும் குறையாமல் கேட்டார்:

“ஏனுங்க துரை, இந்தப் புஸ்தகம் எழுதுனவரு இன்னும் உசுரோட இருக்காருங்களா?”

புத்தகத்தின் மேல் தப்பில்லை. நான் அந்தத் தெருவைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதே தப்பைத்தான் பிறகு பெரிய அளவில் செய்தேன். அதைச் சொல்லத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

நம் குண்டடம் யூனிட் உங்களுக்குத் தெரியும். குழந்தைகள் பைஜாமா தைக்கிற யூனிட். அங்கே தைப்பவர்கள் எல்லோரும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். வானம் பார்த்த பூமி, வேறு வேலை சொற்பம். அவர்களை வேன் வைத்துத் திருப்பூருக்குக் கூட்டிவருவதாக இருந்தால் பாதிப்பேரை வீட்டில் விட மாட்டார்கள். அதனால்தான் முதலாளி அங்கேயே யூனிட் போட்டார். அதற்கு வந்த ஆர்டர் முழுக்க ஒரே பையருடையது. அந்தக் கம்பெனி சார்பில் வருடா வருடம் வருகிற பெரியவரைப் பீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

யூனிட்டின் லைன் சூப்பர்வைசர் தெய்வானை. அந்த ஊர்க்காரி, ஓடாத மெஷின் முன்னால் நின்றால் மெஷினே பயந்து ஓடும். அவள் என்னிடம் கேட்கும் கேள்விகள் எப்போதும் சின்னவை. பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்பாள். நான் உலகத்தில் எந்தெந்த நாட்டில் எவ்வளவு விடுமுறை என்பதில் ஆரம்பிப்பேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே நூல் அறுந்த மெஷினைச் சரி பார்த்துவிட்டு வந்து, “சொல்லுங்க சார்” என்பாள். எனக்கு அது தெரியாது. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

நான் ஓய்வு பெறும் கட்டத்தில், நம் துணி போகிற நாடு இறக்குமதிக்குப் போட்ட அந்த வரி வந்தது. எந்த நாடு, எவ்வளவு வரி என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் திருப்பூர் டீக்கடைகளில் சர்க்கரை தூக்கலா என்று கேட்பதற்குப் பதிலாக வரி குறையுமா என்று கேட்டார்கள். ஆர்டர்கள் அப்படியே நின்றன. பீட்டரின் கம்பெனியும் அடுத்த சீசன் ஆர்டரை உறுதி செய்யவில்லை. பீட்டர் நேரில் வருகிறார் என்று மட்டும் மெயில் வந்தது.

தெய்வானை போன் செய்தாள். “சார், நம்ம யூனிட்டு இருக்குமுங்களா?”

நான் உட்கார்ந்து சொன்னேன். உலக வர்த்தகம் எப்படி இயங்குகிறது, அந்த நாட்டு அரசியலில் யார் யாரை எதற்காகத் திருப்திப்படுத்துகிறார்கள், நாணய மதிப்பு, பக்கத்து நாடுகளின் நிலைமை, தலையங்கங்கள் என்ன சொல்கின்றன. ஒன்றும் விடவில்லை. முடித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது.

“செரிங்க சார்” என்றாள் தெய்வானை. “அப்ப இருக்குமுங்களா, இருக்காதுங்களா?”

பார்க்கலாம்மா என்றேன். அவள் போனை வைக்கவில்லை. “இல்லீங்க சார், எங்கூட்டுல எம்பட மாமியா சொல்லிப்போட்டாங்க. பக்கத்துல இருக்கறதுனாலதான் உட்டாங்க. திருப்பூருன்னா வேண்டான்னு சொல்லிப்போட்டாங்க. இங்க முக்காவாசிப் புள்ளைகளுக்கு அதே கததானுங்க.” அன்று எனக்கும் கவலை வந்தது. ஆனால் அந்தக் கவலையை நான் எப்படித் தீர்த்துக்கொண்டேன் தெரியுமா? இன்னும் நாலு கட்டுரை படித்தேன்.

பீட்டரை அழைக்கப் போன காலையில் என்னிடம் ஒரு வாதம் முழுசாகத் தயாராக இருந்தது. அந்த வரி ஏன் முட்டாள்தனம், அதனால் அவர் நாட்டுக்கே எப்படி நட்டம் என்று அடுக்கடுக்காக வைத்திருந்தேன். பீட்டர் இளைத்திருந்தார். பெட்டியைத் தாமே பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கார் பீளமேட்டைத் தாண்டியது. அவர் என் பக்கம் திரும்பி, “துரை, போய்ச் சேர்வதற்குள் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்” என்றார்.

“வரியைப் பற்றித்தானே?” என்றேன்.

அவர் ஆமாம், இல்லை, இரண்டுக்கும் நடுவில் தலையசைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. நீலாம்பூர் தாண்டி கணியூர் சுங்கச்சாவடி வரை வரலாறு. அங்கே கார் நின்றபோது பீட்டர் மறுபடியும், “துரை, இன்றைய மீட்டிங்கில்…” என்று தொடங்கினார். மீட்டிங்கில் நாங்கள் வைக்கப்போவதும் இதே கருத்துதான் என்று சொல்லிப் பொருளாதாரத்துக்குள் நுழைந்தேன். தெக்கலூரில் அவர் மூன்றாவது முறையாக வாயைத் திறந்தார். நான் கை காட்டி, “ஒரு நிமிடம், இதை மட்டும் முடித்துவிடுகிறேன்” என்றேன். அவிநாசி வரும்போது என் வாதம் எந்தப் பக்கமிருந்தும் உடைக்க முடியாத கோட்டையாக நின்றது. அந்த வரியை நானே போட்டிருந்தால்கூட அந்த இடத்தில் ரத்து செய்திருப்பேன்.

“நீங்கள் சொல்வது சரிதான்” என்றார் பீட்டர். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஜெயித்துவிட்டேன். பூண்டி வரை அந்த மிதப்பு இருந்தது. டிரைவர் ஆறுமுகம் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பாராட்டுகிறான் என்றே நினைத்தேன்.

மீட்டிங் அறையில் முதலாளி இளநீரோடு காத்திருந்தார். சுவரில் பெரிய திரை. அதில் பீட்டரின் தலைமை அலுவலகத்திலிருந்து லிண்டா என்ற பெண்மணி. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், கனிவாகப் பேசினார். அவரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. நலம் விசாரித்தார், தரத்தைப் பாராட்டினார். பிறகு, வரி காரணமாகத் தாங்கள் ஆர்டர் கொடுக்கும் யூனிட்களைக் குறைப்பதாகவும், அடுத்த சீசன் முதல் எல்லாவற்றையும் திருப்பூர் மெயின் தொழிற்சாலையிலேயே தைக்க வேண்டும், குண்டடம் வேண்டாம் என்றும் சொன்னார். “உங்களுக்கு இதில் சம்மதமா?”

“நோ ப்ராப்ளம் மேடம்” என்றார் முதலாளி.

அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. துரை காரில் சொல்லிக்கொள்வான் என்ற நம்பிக்கை. திரையில் லிண்டா நன்றி சொல்லிவிட்டுக் குனிந்து எதையோ தட்டச்சு செய்தார். பீட்டர் என்னைப் பார்த்தார். காரில் மூன்று முறை அவர் சொல்ல வந்தது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. உடம்பில் ஒரு குளிர் ஓடியது, அந்தப் பூச்செடித் தெருமுனையில்கூட அப்படிக் குளிரவில்லை.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம் போதும், ‘கொஞ்சம் பொறுங்கள் மேடம்’ என்று. ஆனால் விருந்தாளி முன்னால் முதலாளி பேச்சை மறுப்பதா? நாக்கு எழவில்லை. காலையிலிருந்து ஓயாமல் ஓடிய வாய், வேலை வந்த நேரத்தில் ஸ்டிரைக் செய்தது. திரை அணைந்தது. சாப்பாடு வந்தது. முதலாளி பீட்டரின் தட்டில் தம் கையாலேயே ஒப்புட்டுப் போளி எடுத்து வைத்தார்.

சாயங்கால விமானத்துக்குப் புறப்பட்டோம். பூண்டி தாண்டியதும், கணியூருக்குக்கூடக் காத்திராமல் ஆரம்பித்தேன். “பீட்டர், அதில் ஒரு சின்ன ப்ராப்ளம் இருக்கிறது.”

“தெரியும்” என்றார். “ஆனால் அதை இனிமேல் என்னிடம் சொல்லிப் பயனில்லை, துரை. இத்தனை வருடம் உங்கள் முதலாளியின் ‘முடியாது’வை நான்தான் சுமந்துபோய் அங்கே கொடுத்தேன். இது என் கடைசிப் பயணம். எனக்குப் பதிலாக யாரும் வரப்போவதில்லை. இனி எல்லாம் அந்தத் திரைதான். லிண்டா நல்லவர். ஆனால் சம்மதம் என்று சொன்னால் சம்மதம் என்றுதான் எழுதிக்கொள்வார். இன்று மாலை அவர்கள் அடுத்த சீசனை முடிவு செய்துவிடுவார்கள். நான் ஊர் போய்ச் சேரும்போது முடிந்திருக்கும்.”

“காலையில் இதைத்தான்…” என்று அவர் ஆரம்பித்து, நாகரிகமாக நிறுத்திக்கொண்டார்.

அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தெய்வானையின் குரல். வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். தெக்கலூருக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் ஒரு பேக்கரி. அங்கே நின்று முதலாளிக்குப் போன் போட்டேன்.

“முதலாளி, குண்டடத்த மூட முடியாதுன்னு அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். இப்பவே சொல்லணும்.”

“அதென்னங்க துரை, அத நீங்க கார்ல சொல்லுவீங்களேங்க.”

“கார்ல கேக்க இனி ஆளில்ல முதலாளி. பீட்டர் இனி வரமாட்டாரு.”

“வந்தவங்க மூஞ்சிக்கு நேரா எப்படீங்க முடியாதுன்னு சொல்றது? எம்பட வாயில வராதுங்க துரை.”

இந்த இடத்தில் நான் வழக்கம்போல மனித உரிமையிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். நேரமில்லை. “முதலாளி, அந்தம்மா நம்ம ஊட்டுக்கு வரவே இல்லையே. டி.வி.லதான இருக்காங்க” என்றேன்.

அவர் அதை யோசித்தார். ஒரு லாரி போகிற நேரம் யோசித்தார். “அதுஞ் செரிதானுங்க” என்றார்.

பீட்டர் தம் போனில் லிண்டாவைப் பிடித்து, முதலாளியையும் அதே அழைப்பில் இணைத்தார். ஸ்பீக்கரைப் போட்டு பேக்கரி மேஜையில், இரண்டு டீ டம்ளருக்கு நடுவில் வைத்தார்.

“குட் ஈவினிங் மேடம். யுவர் ஃபேமிலி ஆல் வெல்?” என்றார் முதலாளி.

எல்லோரும் நலம் என்றார் லிண்டா, சற்றுக் குழப்பத்தோடு.

“மார்னிங் ஐ சே யெஸ். சாரி மேடம். குண்டடம் க்ளோஸ், நோ.”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. லிண்டா ஏன் என்று கேட்டார். என் நெஞ்சுக்குள் தலையங்கங்கள் எல்லாம் எழுந்து நின்றன. வாயைத் திறந்தேன். பீட்டர் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் திணித்தார். ஒரு வாய் குடித்தேன். சீனியரின் முகம் நினைவுக்கு வந்தது. என் தொண்டைக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பது இத்தனை வருடம் கழித்து, ஒரு பேக்கரி வாசலில் எனக்குப் புரிந்தது.

அந்த அமைதி முதலாளிக்கும் தாங்கவில்லை போல. அவரே பேசினார். “துரை, நான் தமிழ்லயே சொல்றனுங்க. நீங்க அதைய அப்படியே இங்கிலீசுல சொல்லுங்க. மேல ஒண்ணும் சேக்க வேண்டாமுங்க.”

“சரி முதலாளி.”

“நான் அந்தப் புள்ளைக ஊடு ஊடாப் போனவனுங்க. அவங்கூட்டுல உக்காந்து மோரு வாங்கிக் குடிச்சுப்போட்டு, உங்க புள்ளையத் தூரந் தொலவு அனுப்ப வேண்டாம், பக்கத்துலயே வேலை இருக்கும், நானாச்சுன்னு சொன்னனுங்க. இன்னிக்கு மூடிப்போட்டு நான் அந்த வாசல்ல எப்படீங்க போயி நிப்பேன்? ஒரு சீசன் குடுங்க. தரம் கொறஞ்சுதுன்னா நானே மூடிக்கிறனுங்க.”

அதை அப்படியே சொன்னேன். மோர் வந்த இடத்தில், கொங்கு நாட்டு வீடுகளில் மோர் கொடுப்பதன் பொருளை இரண்டே இரண்டு வரியில் விளக்கிவிடலாமா என்று உயிர் துடித்தது. சேர்க்கவில்லை. தியேட்டரில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பது போலவே இருந்தது.

நான் தண்ணீர் குடித்தேன். பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. மறுபடியும் குடித்தேன். பாட்டில் காலியாகும்போது லிண்டா, “ஒரு சீசன். மெயின் தொழிற்சாலைக்கு என்ன பரிசோதனையோ அதே பரிசோதனை குண்டடத்துக்கும். முடிந்த பிறகு பார்ப்போம்” என்றார். “இன்று மாலைக்குள் சொன்னதற்கு நன்றி. இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே.”

“நெக்ஸ்ட் டைம் மார்னிங் மேடம்” என்றார் முதலாளி.

விமான நிலைய வாசலில் பீட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குலுக்கினார். “ஒன்று சொல்லட்டுமா? எங்கள் நாட்டு நாவல் எதையும் நான் படித்ததில்லை. நீங்கள் காரில் சொன்ன கதைகளைத்தான் வீட்டில் போய்ச் சொல்வேன். என்னைப் பெரிய படிப்பாளி என்று என் மனைவி நம்பிக்கொண்டிருக்கிறாள்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதிலுக்கு நிறையச் சொல்ல நினைத்தேன். பாட்டில் காலி. ஆனாலும் எப்படியோ பேசாமல் இருந்தேன்.

தம்பி தங்கைகளே, அந்த ஒரு சீசனைத்தான் இப்போது நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் கார் இல்லை, திரைதான். யார் எதைச் சொல்ல வந்து பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது அதில் தெரிவது இன்னும் கஷ்டம். படியுங்கள், படம் பாருங்கள், ஊர் சுற்றுங்கள், பேப்பரைத் தலையங்கம் வரை படியுங்கள். எனக்கு அவற்றைத் தவிர வேறு சந்தோஷம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. ஆனால் எதிரில் ஒருவர், “உங்களிடம் ஒரு விஷயம்” என்று தொடங்கினால், அந்த நேரத்தில் நீங்கள் படித்தது எதுவும் அவசரமில்லை. உங்கள் திரையில் மியூட் என்று ஒரு பட்டன் இருக்கிறதாமே. எனக்கு அது இளமையிலேயே கிடைத்திருந்தால் நான் ஜெனரல் மேனேஜராக ஓய்வு பெற்றிருப்பேன்.

அன்று திரும்பி வரும் வழியில் கார் கருமத்தம்பட்டியைத் தாண்டும்போது தெய்வானை போன் செய்தாள். விஷயம் அதற்குள் எப்படியோ குண்டடம் வரை அரைகுறையாகப் போயிருக்கிறது.

“சார், நம்ம யூனிட்டு இருக்குதுங்களா?”

எங்கிருந்து தொடங்குவது என்று வழக்கம்போல் மனம் தேடியது. வரி, லிண்டா, பேக்கரி, மோர்.

“இருக்கும்மா” என்றேன்.

அவள் காத்திருந்தாள். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“சார், உங்களுக்கு ஒடம்பு நல்லாத்தானுங்க இருக்குது?”